காசுக்கல்லுக்குப் பெயரிட்ட வரலாறு

கச்சு நாட்டில், புஜ் நகருக்கு வடமேற்கே லக்பத் கோட்டையை நோக்கிச் செல்லும் வட்டாரத்தில், மழைநீர் அரித்த சரிவுகளில் வட்டமான தட்டைக் கற்கள் எண்ணிறந்தவை இறைந்து கிடக்கின்றன. சில பயறு அளவின. சில பழைய வெள்ளி ரூபாய் அளவின. இமாசலப் பிரதேசத்தில் சோலன் நகருக்கு அண்மையிலுள்ள சுபாத்துப் படைவீட்டைச் சுற்றிய பாறைகளிலும் இவை உண்டு. மேகாலயத்தில் சிரபுஞ்சி மலைகளின் சுண்ணாம்புக்கல்லிலும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில்ஹெட் மாவட்டத்தை ஆண்ட ராபர்ட் லிண்ட்சே என்னும் கம்பெனி அதிகாரி, அம்மலைகளின் சுண்ணாம்பைப் படகேற்றிக் கல்கத்தாவில் விற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். ஆகவே கல்கத்தாவின் பழைய மாளிகைகள் சிலவற்றின் சாந்திலும் இக்கற்களின் நீறு கலந்திருக்கக் கூடும். தொழிலின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் இந்த ஊர்களிலெல்லாம் குடியேறியுள்ள நம் தமிழ் மக்களுள் சிலரேனும் இவற்றைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள். குழந்தைகள் பல்லாங்குழிக்கென்று பொறுக்கி வந்திருப்பார்கள்.

இவை வெறுங் கற்கள் அல்ல. முன்னொரு யுகத்தில் வெப்பக் கடலின் அடித்தரையில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள். அவ்வுயிர்களோ ஓரணு உயிர்கள். நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது; இவற்றின் உடல் முழுவதும் ஒரே அணு. அந்த ஒற்றை அணு தன்னைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுண்ணாம்பு மாளிகை கட்டிக்கொண்டது என்பதை நினைக்கும்போது வியப்பு மேலிடுகிறது. சில இனங்களில் ஓட்டின் குறுக்களவு 10 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டது உண்டு.

உள்ளமைப்பைக் காண்பதற்குப் பழைய ஆராய்ச்சியாளர் கையாண்ட முறை எளியது. கல்லை நெருப்பில் காய்ச்சிக் குளிர்ந்த நீரில் போட்டால் அது நடுவே இரண்டாகப் பிளந்து கொள்ளும், பருப்பு உடைவது போல. பிளந்த முகத்தில், கைதேர்ந்த பாட்டிமார் சுற்றிய கைமுறுக்கைப் போல, மையத்தினின்று புறப்பட்டுச் சுற்றிச் சுற்றி விளிம்புவரை செல்லும் சுருள் ஒன்று தோன்றும். அச்சுருளைக் குறுக்குச் சுவர்கள் தடுத்து, நூற்றுக்கணக்கான சிற்றறைகளாகப் பகுத்திருக்கும். சுருளின் நெருக்கம், அறைச் சுவர்களின் சாய்வு, மேற்புறத்துக் கோடுகளின் போக்கு, பொடிக் குமிழ்கள் இருக்கும் இடம் ஆகிய இவற்றைக் கொண்டே இன்றும் ஓரினத்தை மற்றோரினத்தினின்று பிரித்தறிகிறார்கள். இந்தப் பேரினத்துக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் நம்முலைட்டீஸ். லத்தீன் மொழியில் சிறு காசு என்னும் பொருளுள்ள சொல்லினின்று பிறந்தது அது. நாம் காசுக்கல் என்போம்.

பெயரிடுவதற்கு முன்பே கதைகள் பிறந்துவிட்டன. இற்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்துக்குச் சென்ற கிரேக்க நிலவியலார் ஸ்ட்ரேபோ, கீசாவின் பிரமிடுகளுக்கு முன்னே குவிந்து கிடந்த கற்சில்லுகளில் துவரைபோலும் உமிநீங்கிய தானியம்போலும் உருவங்கள் இருப்பதைக் கண்டார். பிரமிடு கட்டிய வேலையாட்கள் உண்டு மிகுந்த உணவே கல்லாகி விட்டது என்று அவ்வூரார் சொன்னார்கள். ஸ்ட்ரேபோ அதை எளிதில் நம்பவில்லை. தம் தாய்நாடாகிய பாண்டஸிலும் ஒரு குன்று முழுதும் இத்தகைய பருக்கைகள் உள்ளனவே, அங்கே யார் பிரமிடு கட்டினார் என்பது அவருடைய ஐயம். ஒரு செய்தியை இங்கே சொல்லி வைப்பது நலம்: இந்தத் துவரைக் கதையை ஹெரடோட்டஸ் மீது ஏற்றிச் சொல்லும் நூல்கள் பல உள. ஹெரடோட்டஸ் குறித்தது எகிப்தின் குன்றுகளில் கடற்சிப்பிகள் காணப்படுவதை. துவரைக் கதை ஸ்ட்ரேபோவினுடையதே.

ஹங்கேரி நாட்டில் இவற்றை லாஸ்லோ மன்னரின் காசுகள் என்பர். தோற்றோடிய பகைவர் துரத்துவோரைத் தடுக்கப் பொற்காசுகளை வழியெல்லாம் வீசினர் என்றும், தம் படைவீரர் பேராசையால் நின்றுவிடாதபடி மன்னர் இறைவனை வேண்ட, காசுகள் கல்லாயின என்றும் கதை. பாரிஸ் நகருக்கு வடக்கே அவர்கள் நாட்டுச் சல்லிக்காசின் பெயரால் இக்கல்லை வழங்கினர். நம் துணைக்கண்டத்திலும் இதற்கு நேரான வழக்கு இருந்தது. பலுசிஸ்தானத்தில் ஹிங்லாஜ் மாதாவின் தலத்துக்குச் செல்லும் யாத்திரிகரும் நாத யோகியரும், தானியமணி போன்ற சிறு வெண்கற்களை மாலையாகக் கோத்து அணிந்து திரும்புவது மரபு. தெய்வத்தின் தானியம் கல்லாகியது என்பது அவர்கள் நம்பிக்கை. அம்மணிகளும் இந்தக் காசுக்கல் வகையினவே என்று ஆராய்ந்தோர் கண்டனர். எகிப்தியனும் ஹிங்லாஜ் யாத்திரிகனும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே கற்பனையை அடைந்தது, கல்லின் உருவம் அவ்வளவு அழுத்தமாகப் பேசுகிறது என்பதைக் காட்டுகிறது.

விஞ்ஞானியின் கண்ணுக்கும் உருவமே முதலில் பேசியது. அதனால்தான் அவன் நூறாண்டுக்கு மேலாகத் தவறான வழியில் சென்றான்.

1761-ல் டென்மார்க் அரசர் அனுப்பிய கீழ்த்திசைப் பயணக் குழுவில் பீட்டர் ஃபார்ஸ்கால் என்னும் இளைஞர் இருந்தார். உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் அவர். கீசாவின் கற்களைக் கண்டு குறிப்பெழுதிய அவர் 1763-ல் ஏமன் நாட்டில் காய்ச்சலால் மாண்டார். குழுவில் உயிருடன் ஊர் திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவரே. பம்பாயில் ஓராண்டுக்கு மேல் தங்கிப் பின் தரைவழியே திரும்பிய அந்த நீபூர், நண்பரின் குறிப்புகளை 1775-ல் அச்சிட்டார். அதில் பிரமிடுக் கல்லுக்கு ஃபார்ஸ்கால் இட்ட பெயர் நாட்டிலஸ் கீசென்சிஸ் என்பது. கீசென்சிஸ் என்னும் பிற்பகுதி இன்றும் நிலைத்திருக்கிறது, முற்பகுதிதான் மாறிப்போயிற்று.

நாட்டிலஸ் என்பது கணவாய்க்கும் சாக்குக்கணவாய்க்கும் உறவான கடற்பிராணி. அதன் ஓடும் சுருளானது. அறை அறையாகத் தடுக்கப்பட்டது. காசுக்கல்லும் சுருளானது, அறைகளுடையது. ஆகவே இதுவும் அதன் குலம் என்று கொண்டார்கள். லின்னேயஸே மணலில் காணும் சிறு சுருளோடுகளை நாட்டிலஸ் வரிசையில் வைத்திருந்தார். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டைப் போல, காசுக்கல்லும் ஒரு பெரிய பிராணியின் உடலுக்குள் புதைந்திருந்த எலும்பாகவே இருத்தல் வேண்டும் என்று எண்ணியவர்களும் உண்டு. அவர்களை நாம் எள்ளி நகையாட வேண்டுவதில்லை. உயிரோடு கூடிய காசுக்கல்லை ஒருவரும் கண்டதில்லை. கையிலுள்ளது ஓடு ஒன்றே. ஓட்டைக் கொண்டு உடலை ஊகிப்பவன் தெரிந்த உடல்களிலிருந்துதானே ஊகிக்க முடியும்?

பிரெஞ்சு அறிஞர் புருகியேர் 1789-ல் தம் கலைக்களஞ்சியத்தில் இவற்றுக்குக் காமரினா என்று பெயரிட்டார். சிற்றறையுடையது என்பது பொருள். பாரிஸ் வட்டாரத்துக் காசுக்கல்லை 1792-ல் காமரினா லீவிகேட்டா என்றார். அவருடைய நாட்டவரான லாமார்க் 1801-ல் வெளியிட்ட முதுகெலும்பற்ற பிராணிகளின் நூலில், அதே இனத்தை அடிப்படையாகக் கொண்டு நம்முலைட்டீஸ் என்னும் பெயரைத் தந்தார். முன்னவர் இட்ட பெயரைப் பின்னவர் ஏன் தள்ளினார் என்பதைப் பற்றி அக்காலத்தில் எவரும் கவலைப்படவில்லை. பெயரிடுவதற்கு உலகத்துக்கெல்லாம் பொதுவான சட்டம் அன்று கிடையாது. ஆயினும் இந்தச் சிறு அலட்சியம் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு வழக்காகவே முளைத்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

1826-ல் இருபத்துநான்கு வயதுகூட நிரம்பாத ஆல்சீட் டார்பின்யி என்பவர், அதுகாறும் நாட்டிலஸோடு கலந்து கிடந்த நுண்ணோடுகளையெல்லாம் ஒருங்கு திரட்டித் தனி வரிசையாக்கினார். நாட்டிலஸில் அறைகளை ஒரு குழாய் இணைக்கிறது. இவற்றில் குழாய் இல்லை, வெறுந் துளைகளே உள்ளன என்பதை அவர் கண்டார். துளை தாங்கியவை என்னும் பொருளில் பொராமினிபெரா என்று பெயரிட்டார். கண்ணுக்குத் தெரியாத ஓடுகளைப் பெரிய அளவில் கல்லில் செதுக்கி நூறு மாதிரியுருவங்களும் செய்து வெளியிட்டார். ஆனால் இவ்வளவும் செய்தவர், அந்த வரிசையைக் கணவாய் வகுப்புக்குள்ளேயே வைத்துவிட்டார். போதாதென்று நம்முலைட்டீஸை நம்முலைனா என்றும் மாற்றினார். ஒரு கல்லுக்கு இப்போது மூன்று பெயர்கள்.

உண்மை வெளிப்பட்டது கல்லிலிருந்து அல்ல, நீரிலிருந்து. ஃபெலிக்ஸ் துழார்தன் என்பவர் கடலிலிருந்து எடுத்த சிற்றோடுகளை உயிருடன் கண்ணாடிக் கலத்தில் வைத்து நுண்பெருக்கியின் வழியே நாள்தோறும் நோக்கினார். கணவாய்க்குரிய கைகள் எங்கே, கண் எங்கே, வாய் எங்கே என்று தேடினார். ஒன்றும் இல்லை. ஓட்டின் துளைகளினின்றும் கோழைபோன்ற ஒரு பொருள் நூலிழைகளாக நீண்டது, கிளைத்தது, ஒன்றோடொன்று கலந்தது, மீண்டும் உள்ளே இழுத்துக் கொண்டது. உறுப்பு என்று சொல்லத்தக்கது எதுவும் அங்கே கிடையாது. 1835-ல் அவர் இதனை அறிவித்தபோது, கணவாயின் இனத்தாராக விளங்கியவை ஒரே நாளில் உயிர்க்குலத்தின் அடிப்படிக்கு இறங்கின. டார்பின்யி சில ஆண்டுகளுக்குள் அதை ஏற்றுக்கொண்டு, 1839-ல் பொராமினிபெராவைத் தனி வகுப்பாக அமைத்தார். தம் இளமைக்காலச் சாதனையின் ஒரு பாதி தவறென்று ஒப்புவதற்குப் பெருந்தன்மை வேண்டும். அது அவரிடம் இருந்தது.

இனி இந்த வரலாறு நம் நாட்டுக்கு வருகிறது. கச்சு நாட்டில் பணிபுரிந்த காப்டன் கிராண்ட் என்பவர் அங்குள்ள பாறைகளை ஆராய்ந்து புதைபடிவங்களைத் திரட்டினார். அவற்றை இங்கிலாந்தில் சவர்பி என்பவர் 1840-ல் வருணித்தார். கூரிய விளிம்புடைய அக்கியூட்டஸ், மழுங்கிய அப்டியூசஸ், விரிந்த தட்டையான எக்ஸ்போனன்ஸ் ஆகிய இனங்கள் கச்சுக் கற்களைக் கொண்டே உலகுக்கு அறிமுகமாயின. இவற்றுள் இறுதியது இன்று அசிலினா என்னும் உறவுப் பேரினத்தில் வைக்கப்படுகிறது. ஸ்பெயினிலிருந்து வரும் ஆராய்ச்சியாளனும் எக்ஸ்போனன்ஸ் என்று ஒரு கல்லை அழைக்க வேண்டுமானால், கச்சு நாட்டுக் கல்லோடு ஒப்பிட்டுத்தான் அழைக்க வேண்டும். பெயரிடும் நூலில் முதற்சான்று என்பதன் மதிப்பு அத்தகையது.

சிந்து, பஞ்சாப் முதலிய பகுதிகளில் ஆங்கில அதிகாரிகள் சேகரித்த படிவங்களை வைத்துக்கொண்டு பாரிஸில் டார்ஷியாக்கும் அவர்தம் இளந்துணைவர் ழூல் ஏமும் 1853-ல் ஒரு பெருநூல் வெளியிடத் தொடங்கினர். இந்தியாவின் காசுக்கல் பாறைகளில் காணும் பிராணிகளைப் பற்றிய நூல் அது. உலகின் காசுக்கல்லினங்கள் அனைத்தையும் ஆராயும் தனிப்பகுதி ஒன்று அதன் முகப்பில் அமைந்தது. இத்துறைக்கு அது தொல்காப்பியம் போன்றது என்றாலும் பொருந்தும். பின்வந்தோர் மறுத்தாலும் அதைத் தொட்டுக்கொண்டே மறுத்தனர்.

அதே ஆண்டுகளில் பம்பாயில் ஹென்றி ஜான் கார்ட்டர் என்னும் படை மருத்துவர் இருந்தார். நூலகமும் காட்சிசாலையும் பாரிஸ் அறிஞருக்குத் துணை. இவருக்குத் துணை நுண்பெருக்கி ஒன்றும், அரபிக்கரை அளவைக் கப்பலில் மருத்துவராகச் சென்றபோது பெற்ற அனுபவமும். காசுக்கல்லுக்கு உயிரோடிருக்கும் நெருங்கிய உறவினம் ஆபர்குலினா. அரபிக்கரையில் கிடைத்த ஆபர்குலினா ஓட்டை மெல்லியதாகச் சீவி, சுவரிலும் விளிம்பிலும் ஓடும் நுண்குழாய் வலையை 1852-ல் கார்ட்டர் விவரித்தார். பின் சிந்து நாட்டுக் காசுக்கற்களிலும் அதே அமைப்பு இருப்பதைக் காட்டினார். ஓட்டின் உருவத்தை விட்டு அதன் கட்டுமானத்தை நோக்கியது பெரிய முன்னேற்றம். அதே காலத்தில் பம்பாயில் வான்டைக் கார்ட்டர் என்னும் இன்னொரு மருத்துவர் மதுரைக்கால் என்னும் நோயை ஆராய்ந்து புகழ் பெற்றார். இருவரையும் ஒருவராக மயங்குவோர் உண்டு.

லண்டனில் வில்லியம் கார்ப்பென்டர் இந்தக் கட்டுமான ஆராய்ச்சியை 1850 முதலே நடத்தி வந்தார். 1862-ல் அவர் எழுதிய நூல் ஒரு பூசலைக் கிளப்பிற்று. சிறு சிறு வேறுபாட்டுக்கெல்லாம் தனி இனம் வகுத்துச் செல்வது வீண். ஓரணு உயிர்கள் இடத்துக்கும் சூழலுக்கும் ஏற்பத் தாராளமாக மாறுபவை. அவற்றிடையே கூரிய எல்லைகளைத் தேடலாகாது என்றார் அவர். பாரிஸ் அறிஞர் பிரித்துக்கொண்டே சென்றனர். லண்டன் அறிஞர் சேர்த்துக்கொண்டே சென்றனர். எல்லாத் துறைகளிலும் இவ்விரு மனப்போக்கும் உண்டு. பதிப்பாசிரியரிடையே பாடபேதம் கொள்வோரும் தள்ளுவோரும் இருப்பது போல. பிரிப்போர் பக்கமே வெற்றி கண்டது என்பது நம் துணிபு. காரணம் பின்னர்ப் புலப்படும்.

சேர்ப்பதில் ஆசை மிகுந்தால் என்ன நேரும் என்பதற்குக் கார்ப்பென்டரே சான்றாயினார். கனடாவின் மிகப் பழைய பாறையில் பச்சையும் வெள்ளையுமாக அடுக்கடுக்கான கோலம் ஒன்று கிடைத்தது. டாசன் என்னும் கனடா அறிஞர் அதை உலகின் முதல் உயிர் என்று முழங்கி 1865-ல் ஈயசூன் எனப் பெயரிட்டார். அதன் சுவர் காசுக்கல்லின் சுவரை ஒத்தது என்று கார்ப்பென்டர் சான்றளித்தார். அயர்லாந்தில் கிங், ரௌனி என்னும் இருவர் உடனே மறுத்தனர். 1874-ல் நம் பம்பாய்க் கார்ட்டரும், அப்போது ஓய்வு பெற்று இங்கிலாந்தில் வசித்தவர், அது உயிரின் ஓடே அன்று என்று கடுமையாக எழுதினார். சிந்து நாட்டுக் கற்களை ஆயிரக்கணக்கில் பிளந்து பார்த்த கண் அது. பின்னர் 1894-ல் வெசூவியஸ் எரிமலை கக்கிய கற்களிலும் அதே கோலம் காணப்பட்டது. எரிமலைக்குள் எந்தக் கடற்பிராணி வாழ்ந்தது? வழக்கு அத்துடன் முடிந்தது.

அதையும் விஞ்சினார் ஒருவர். பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றிய ராண்டால்ஃப் கர்க்பாட்ரிக், எரிமலைப் பாறையிலும் கருங்கல்லிலும் வானத்தினின்று விழுந்த கல்லிலும்கூடக் காசுக்கல்லின் சுருளைக் கண்டார். உலகமே காசுக்கற்களால் ஆனது என்று 1912 முதல் தம் சொந்தச் செலவில் நூல்கள் வெளியிட்டார். உலகம் சிரித்தது. ஆனால் அதே மனிதர் மெர்லியா என்னும் கடற்பஞ்சைப் பற்றிச் சொன்னது சரியென்று பல்லாண்டு கழித்து ஒப்புக்கொள்ளப்பட்டது.

இப்போது இந்த வரலாற்றின் உயிர்நிலையான புதிருக்கு வருவோம். காசுக்கல் பொறுக்குவோர் யாவரும் ஒன்றைக் கவனித்தனர். ஒரு பாறையில் பெரிய இனம் ஒன்று கிடைத்தால், அதே பாறையில் சிறிய இனம் ஒன்றும் உடன் கிடைக்கிறது. மேற்புறக் கோடுகளும் குமிழ்களும் இரண்டிலும் ஒத்திருக்கும். பிளந்து பார்த்தால் மட்டும் வேற்றுமை: சிறியதன் மையத்தில் உருண்டையான பெரிய அறை ஒன்று கண்ணுக்கே தெரியும், பெரியதன் மையத்திலோ நுண்பெருக்கி வைத்தாலும் தேடிக் காண வேண்டிய மிகச் சிறு புள்ளி. பாரிஸ் வட்டாரத்தில் பெரியது லீவிகேட்டஸ், சிறியது லாமார்க்கி. கீசாவில் பெரியது கீசென்சிஸ், சிறியது கர்விஸ்பைரா. வேறிடங்களில் பெர்ஃபொரேட்டஸும் லூக்கசானஸும். சுவிட்சர்லாந்தின் மருத்துவர் பிலிப் தெ லா ஆர்ப் இந்த இணைகளை ஒவ்வொன்றாகத் தொகுத்துக் காட்டினார். எங்கு சென்றாலும் இவை சோடி சோடியாகவே வாழ்ந்தன என்பதை விதியாகவே கூறினார்.

இரண்டு வேறு இனங்கள் இப்படி எந்நாட்டிலும் இணைபிரியாமல் இருப்பானேன்? 1880-ல் பாரிஸ் அறிஞர் முனியே-ஷால்மா துணிந்து விடை கூறினார்: இவை இரண்டு இனங்கள் அல்ல, ஓர் இனத்தின் இரண்டு வடிவங்கள். ஆணும் பெண்ணுமோ, இளமையும் முதுமையுமோ என்று சிறிது காலம் தடுமாறினார்கள். இங்கும் தெளிவு தந்தது உயிருள்ள உறவினமே. 1894, 1895 ஆண்டுகளில் இங்கிலாந்தில் லிஸ்டரும் ஜெர்மனியில் ஷாடினும், கரையோரத்தில் கிடைக்கும் சிறு பொராமினிபெராவின் வாழ்க்கையை முழுதும் தொடர்ந்து கண்டனர். பெரிய மைய அறையுடைய உயிர் வளர்ந்து முதிர்ந்து, பால்நுண்ணணுக்களை நீரில் விடுகிறது. அவை இரண்டிரண்டாகக் கூடிப் பிறக்கும் குழந்தை மிகச் சிறியது. அதனால் அதன் முதல் அறையும் மிகச் சிறியது. அக்குழந்தை நெடுங்காலம் வளர்ந்து பேருருப் பெறுகிறது. முடிவில் கூடலின்றியே தன் உடலைப் பல துண்டுகளாகப் பகுத்து விடுகிறது. அத்துண்டுகள் ஓரளவு பெரியவை; ஆகவே அவற்றின் முதல் அறையும் பெரியது. அவை மீண்டும் சிற்றுருவினராகவே முதிர்கின்றன. தலைமுறைக்குத் தலைமுறை உருவம் மாறி மாறி வருகிறது. பேரன் தந்தையை ஒவ்வான், பாட்டனை ஒப்பான் என்பது போல.

காசுக்கல்லின் மையத்திலுள்ள புள்ளி, ஆகவே, அதன் பிறப்புச் சான்றிதழ். கூடிப் பிறந்ததா, பிரிந்து பிறந்ததா என்பதைக் கல்லாகிக் கோடியாண்டுகள் சென்ற பின்னும் அது சொல்லுகிறது. சிறு வடிவத்தை ஏ என்றும் பெரு வடிவத்தை பி என்றும் இன்று குறிப்பிடுகிறார்கள். பாறைகளில் ஏ வடிவமே மிகுதியாகக் கிடைக்கும்.

இந்தக் கண்டுபிடிப்பு பெயரேடுகளைக் கலக்கியது. இரண்டு பெயரில் வழங்கியவை ஓரினம் என்றால் எந்தப் பெயர் நிலைப்பது? முந்தையதே நிலைக்கும் என்பது விதி. லீவிகேட்டஸ் 1792-ல் பிறந்த பெயர். லாமார்க்கி 1853-ல் பிறந்தது. ஆதலின் லாமார்க்கி மறைய வேண்டும். சொல்லுவது எளிது. ஒரே பாறையில் மூன்று நான்கு இனங்கள் கலந்து கிடக்கும்போது எந்தச் சிறியது எந்தப் பெரியதன் இணை என்று துணிவது கடினம். ஐயமுள்ள இடங்களில் இரு பெயரையும் வைத்துக்கொண்டே பலர் வேலை செய்தார்கள். அதைக் குறை கூற நமக்கு மனமில்லை. தவறாக மணம் முடித்து வைப்பதைவிடக் காத்திருப்பது மேல்.

முந்தைய பெயரே நிலைக்கும் என்ற அந்த விதிதான் பழைய அலட்சியத்தையும் தட்டி எழுப்பியது. இனப்பெயர்களுக்கு மட்டுமன்றிப் பேரினப் பெயருக்கும் விதி ஒன்றே அன்றோ? அப்படியாயின் 1801-ன் நம்முலைட்டீஸ் தள்ளுபடியாகி, 1789-ன் காமரினா அரியணை ஏற வேண்டும். அமெரிக்கர் பலர் அவ்வாறே எழுதத் தொடங்கினர். ஐரோப்பியர் திகைத்தனர். நம்முலைட்டீஸ் என்னும் சொல் நூற்றைம்பது ஆண்டு நூல்களிலும் நிலப்படங்களிலும் ஊறிப்போயிருந்தது. ஒரு பாறை வரிசைக்கே, ஒரு யுகத்துக்கே அப்பெயரை வைத்திருந்தார்கள். அதை மாற்றினால் பழைய ஏடுகள் யாவும் புதியோனுக்குப் புரியாமற் போகும். பிராணிகளின் பெயர்களைப் பற்றித் தீர்ப்பளிக்கும் சர்வதேச ஆணையத்தின் முன் வழக்கு வந்தது. ஆணையம் 1945-ல், தனக்குரிய சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு விதியை நிறுத்தி வைத்து, காமரினாவை விலக்கி நம்முலைட்டீஸை நிலைநாட்டியது.

ஸ்டார்ஸ் கோல் என்னும் அமெரிக்க அறிஞர் இத்தீர்ப்புக்குப் பின்னும் இணங்கவில்லை. 1960-லும் காமரினா என்னும் தலைப்பிலேயே எழுதினார். ஆபர்குலினா முதலியவற்றையும் அதற்குள் அடக்கிவிட முனைந்தார். கார்ப்பென்டரின் சேர்க்கும் குணம் அவரிடம் மறுபிறவி எடுத்தது எனலாம். சட்டத்தின் எழுத்து அவர் பக்கம் இருந்தது. எனினும் பெயர் என்பது புருகியேருக்கு எடுப்பித்த நினைவுச்சின்னம் அன்று. ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்குவதற்கான கருவி. ஆணையம் செய்தது நன்று என்பதே நம் கருத்து.

பிரிப்போர் பக்கம் வென்றது என்று மேலே சொன்னோம். பேசல் நகரத்து ஹான்ஸ் ஷௌப் பல்லாண்டு உழைத்து 1981-ல் வெளியிட்ட பெருநூலில், காசுக்கல்லினங்களைப் பாறை அடுக்கின் வரிசையில் கீழிருந்து மேலாக நிறுத்திக் காட்டினார். ஒரு மரபில் அடுத்தடுத்த அடுக்குகளில் ஓடு பெரிதாகிறது. மைய அறை பெரிதாகிறது. இங்ஙனம் இனத்தைக் கண்டால் அடுக்கின் காலத்தைச் சொல்லிவிடலாம். இம்முறையில் பாலியோசீன், ஈயோசீன் காலங்களை மட்டும் இருபது மண்டலங்களாகப் பகுத்த அட்டவணை 1998-ல் வெளியாயிற்று. கார்ப்பென்டர் சொன்னவாறு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்திருந்தால் இந்தக் கடிகாரம் நமக்குக் கிடைத்திராது. டுனீசியக் கடலின் அஷ்டார்ட், லிபியக் கடலின் பூரி ஆகிய எண்ணெய் வயல்களில் எண்ணெய் தேங்கியிருப்பது காசுக்கல் பாறைகளில்தான். துளையிடுவோருக்கும் இக்கடிகாரம் வேண்டும்.

ஆயினும் இதனால் தீர்மானிக்கப்படும் வழக்குகளுள் மிகப் பெரியது நம் நாட்டினுடையது. மேற்குத் திபெத்தில் 16,500 அடி உயரத்தில் டாக்டர் தாம்சன் காசுக்கல்லைக் கண்டதாகச் சார்லஸ் லயல் தம் நூலில் எழுதினார். கடலடித் தரையில் வாழ்ந்தது பனிமலையின் தோளில் எப்படி ஏறிற்று? தெற்கே தனிநிலமாகக் கிடந்த இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவில் முட்ட, இடையிலிருந்த டெதிஸ் கடல் ஒடுங்கி, அதன் அடித்தரை மடிந்து உயர்ந்தது. அந்தக் கடல் கடைசியாக எப்போது லடாக்கிலும் ஜான்ஸ்காரிலும் அலைவீசியது? சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பர். அதற்குச் சான்று கூறுவோருள் முதன்மையானது, அங்குள்ள இறுதிக் கடற்பாறைகளில் காணும் காசுக்கல்லின் இனம். அவ்வினத்தை ஒருவர் தவறாகக் குறித்துவிட்டால், இமயம் எழத் தொடங்கிய காலம் பல லட்சம் ஆண்டுகள் முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். கச்சில் ஹாருடி என்னுமிடத்துப் பாறைகளில் நடக்கத் தெரிந்த ஆதித் திமிங்கிலங்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அவற்றின் காலத்தைச் சொல்வதற்கும் அதே பாறையின் காசுக்கற்களையே கேட்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக் கரையிலும் இக்குலத்துக்கு உறவினர் உண்டு. புதுச்சேரியை அடுத்த பழம்பாறைகளில் டிஸ்கோசைக்ளினா என்னும் வட்ட ஓடு காணப்படுகிறது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிரோடிருக்கும் பொராமினிபெராவைப் பற்றி ஞானமுத்து எழுதிய நூலைச் சென்னை மியூசியம் 1943-ல் வெளியிட்டது. காசுக்கல்லின் பெருங்குடும்பம் மட்டும் ஒலிகோசீன் காலத்தில், ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன், குறைந்து மறைந்தது. உலகம் குளிர்ந்ததும் அவற்றுக்குகந்த ஆழமற்ற வெப்பக் கடல்கள் சுருங்கியதும் காரணம் என்பர்.

முற்றும் மறைந்ததா என்பதில்தான் இன்னும் வழக்கு இருக்கிறது. ஜப்பானின் தென்தீவுகளைச் சூழ்ந்த தெளிந்த கடலில், வெயில் மங்கலாக எட்டும் ஆழத்தில், சில மில்லிமீட்டர் அகலமுள்ள சுருளோடு ஒன்று வாழ்கிறது. ஓட்டுக்குள்ளே ஒற்றையணுப் பாசிகளைக் குடிவைத்து, அவை வெயிலில் சமைக்கும் உணவில் பங்கு பெற்று வாழ்வது அது. 1798-ல் ஃபிக்டெல், மோல் என்னும் இருவர் அதனை நாட்டிலஸ் வெனோசஸ் என்றனர். அதன்பின் அது பல பேரினங்களுக்கு மாற்றப்பட்டது. நம்முலைட்டீஸ் வெனோசஸ் என்று எழுதி, காசுக்கல்லின் கடைசி வாரிசு இதுவே என்பார் சிலர். அன்று, இது பாலியோநம்முலைட்டீஸ் என்னும் பக்கத்துக் கிளை என்பார் சிலர். இப்போது ஓட்டைப் பிளப்பதோடு நில்லாமல், உயிரணுவிலுள்ள மரபுப் பொருளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 2003-ல் வெளிவந்த அத்தகைய ஆய்வு ஒன்று, ஓட்டின் உருவ ஒற்றுமை இக்குடும்பத்தில் தனித்தனிக் கிளைகளில் தனித்தனியே தோன்றியிருக்கிறது என்று காட்டியது. கல்லாகிப்போனவற்றில் அந்த மரபுப் பொருள் எஞ்சவில்லையாதலால், கச்சின் அப்டியூசஸையும் கீசாவின் கீசென்சிஸையும் அவ்வாறு ஒப்பிட்டுக் கேட்க வழியில்லை. அவற்றுக்கு இன்றும் காய்ச்சிப் பிளந்து எண்ணிப் பார்க்கும் முறைதான்.